காசு கட்டிப் பார்க்கும் படத்தைப் பதிவு செய்யலாமா? பதிப்புரிமையைக் கவனிக்கும் துறைக்கு ஒரு திறந்த மடல்

தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் செயலர் அவர்களுக்கும், பதிப்புரிமைப் பதிவாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

முறையாகச் சந்தா கட்டிய ஒருவர், ஓடிடி தளத்தில் ஓடும் படத்தைத் தம் வீட்டுப் பயனுக்குப் பதிவு செய்துகொள்ளலாமா? ஒரு கல்லூரி ஆசிரியர் அதிலிருந்து மூன்று நிமிடக் காட்சியை எடுத்து வகுப்பில் போட்டுக் காட்டலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இந்தியாவில் எவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்திலும் திரைப்படக் கல்வியிலும் ஆவணக் காப்பிலும் வேலை செய்யும் நாங்கள் இந்த மடலை எழுதுவது அந்தப் பதிலைக் கேட்டுத்தான். இது உங்கள் துறையால் தரக்கூடிய பதில்.

தொலைக்காட்சிக்கு இந்தக் குழப்பம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பு ஒன்றைச் சொந்தப் பயனுக்காகவோ, நேர்மையான கற்பித்தலுக்காகவோ, ஆய்வுக்காகவோ பதிவு செய்தால் ஒளிபரப்பாளரின் உரிமை மீறப்பட்டதாகாது என்று நேராகவே சொல்கிறது. உள்ளே இருக்கும் படத்தின் உரிமைக்கு 52(1)(ஏ) இருக்கிறது: சொந்தப் பயன், ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான கையாளுகை மீறல் ஆகாது. வீடியோ கேசட் காலத்திலும், பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் வந்த காலத்திலும், இரவு ஓடும் படத்தைப் பதிந்து காலையில் பார்த்தவர்கள் மேல் எவரும் வழக்குப் போடாததற்குச் சட்டத்திலேயே இடமிருந்தது.

ஸ்ட்ரீமிங்குக்கு 39ஆம் பிரிவு பொருந்துமா என்பதில்தான் சிக்கல். சட்டத்தில் 'ஒளிபரப்பு' என்பதன் வரையறை கம்பி வழியையும் கம்பியில்லா வழியையும் சேர்த்தே சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இணையமும் அதில் அடங்கும். ஆனால் 2019இல் டிப்ஸ் இசை நிறுவனத்துக்கும் விங்க் என்ற பாட்டுச் செயலிக்கும் இடையிலான வழக்கில், 31டி பிரிவின் சட்டமுறை உரிமம் (உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே, விதித்த கட்டணத்தைக் கட்டி ஒலிபரப்ப வழிவிடுவது) வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே, இணைய ஸ்ட்ரீமிங்குக்கு இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த வழக்கு இசை உரிமம் பற்றியது, தனிநபர் பதிவு பற்றியதல்ல. ஆனாலும் கல்லூரிகளுக்கு ஆலோசனை சொல்லும் எந்த வழக்கறிஞரும் அதைப் பார்த்துவிட்டு '39ஐ நம்பி இறங்காதீர்கள்' என்றுதான் சொல்வார். ஒரே படம் தொலைக்காட்சியில் வந்தால் பதியலாம், அதே நிறுவனத்தின் செயலியில் வந்தால் பதியலாமா தெரியாது என்ற நிலை இப்படித்தான் உண்டாகியிருக்கிறது.

அடுத்தது பூட்டு, அதாவது படத்தைப் பிரதி எடுக்க விடாமல் தளம் போடும் தொழில்நுட்பத் தடை, பற்றிய 65ஏ பிரிவு. 2012 திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவு நன்றாக எழுதப்பட்டது என்பதைத் தயங்காமல் சொல்கிறோம். பூட்டை உடைத்ததாலேயே அது குற்றமாகிவிடாது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்தால் தண்டனை இல்லை என்று உட்பிரிவு (2) சொல்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி இல்லை. அங்கே நோக்கம் எதுவாக இருந்தாலும் உடைப்பதே தவறு. விலக்கு வேண்டுமென்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பதிப்புரிமை அலுவலகத்தின் முன் போய் நிற்க வேண்டும். திரைப்படப் பேராசிரியர்கள் 2006இல் முதன்முதலாக ஒரு குறுகிய விலக்கைப் பெற்றார்கள். அதன் பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் அதே வாதத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்தியா அந்த வழியில் போகாமல் இருந்ததை இனியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2018 டிசம்பரில் நமக்கு நடைமுறைக்கு வந்த உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை ஒப்பந்தமும், அதன் 11ஆம் உறுப்பில், சட்டம் அனுமதிக்கும் செயலைத் தடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் உரிமை ஏட்டில் இருக்கிறது, கையில் இல்லை. ஏன் என்று புரிய, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஓடிடி படம் ஒரே கோப்பாக வருவதில்லை. பொதுவாக 2 முதல் 10 விநாடி நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. துண்டுகள் ஏஇஎஸ்-128 என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். பார்வையாளர் 'ப்ளே' அழுத்தியதும் செயலி, உரிமச் சர்வரிடம் திறவுகோல் கேட்கிறது. சர்வர் சந்தாவையும் நாட்டையும் கருவியின் பாதுகாப்பு நிலையையும் சோதித்து, அந்த ஒரு கருவியால் மட்டுமே பிரிக்க முடிகிற உறைக்குள் திறவுகோலை வைத்து அனுப்புகிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் வைட்வைன், ஆப்பிள் கருவிகளில் ஃபேர்ப்ளே, விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் ப்ளேரெடி என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். வைட்வைனின் உயர்ந்த பாதுகாப்பு நிலையான எல்1இல், பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் செயலியகத்தின் தனி அறைக்குள் நடக்கின்றன. விரிந்த படம் நினைவகத்தில் இயங்குதளமே படிக்க முடியாத பகுதிக்குப் போகிறது. எனவே திரைப்பதிவுச் செயலிக்குக் கிடைப்பது கருப்புச் சதுரம். சில கருவிகளில் ஒலி மட்டும் பதிவாகும். கீழ்நிலையான எல்3இல் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கும். அதனால் தளங்கள் பெரும்பாலும் அந்தக் கருவிகளுக்குத் தரத்தைக் குறைத்தே தருகின்றன. பூட்லோடரை (இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க மென்பொருளை) திறந்து வேறு இயங்குதளம் போட்ட சில போன்கள் எல்1ஐ இழந்து எல்3க்கு இறங்கிவிடுகின்றன. அந்தப் போனின் சொந்தக்காரர் முழுச் சந்தா கட்டியிருந்தாலும் அவருக்கு உயர்தரப் படம் வராது.

பூட்டு திரை வரைக்கும் நீள்கிறது. ஹெச்டிஎம்ஐ கம்பியில் போகும் படத்தை ஹெச்டிசிபி என்ற இன்னொரு பூட்டு காக்கிறது. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் கைகுலுக்கிக்கொண்ட பிறகே படம் போகும். நடுவில் ஒரு படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்தனுப்பும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் அதுவும், அதன் ஒவ்வொரு கிளையில் இருக்கும் திரையும் சோதனையில் தேற வேண்டும். 4கே படத்துக்குப் பொதுவாக ஹெச்டிசிபி 2.2 வேண்டும். பழைய ஹெச்டிசிபி 1.4 கருவி ஒன்று சங்கிலியில் இருந்தால் தரம் இறங்கும், அல்லது பிழைச் செய்தி வரும். அரசுக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் விஜிஏ உள்ளீடு மட்டுமே உள்ள ப்ரொஜெக்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விஜிஏவில் ஹெச்டிசிபி கிடையாது. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ஹெச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி வழியாக அதில் இணைத்தால் படம் வராமல் போக வாய்ப்பு அதிகம். அந்த ஆசிரியரிடம் திருட்டு நோக்கம் எதுவும் இல்லை. 52(1)(ஐ) பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரும் மாணவரும் படைப்பை மறுபதிப்புச் செய்துகொள்ள அவருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை அங்கே ஒரு மாற்றிக் கம்பியிடம் தோற்றுப்போகிறது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் நிலை இதைவிட மோசம். படத்துக்குள்ளேயே பதிக்கப்பட்ட எழுத்துகளை, ஒரு கடிதத்தையோ கைபேசிச் செய்தியையோ சுவரொட்டியையோ, வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் முதலில் திரையைப் படமெடுத்துத்தான் அதிலுள்ள எழுத்தை அடையாளம் காணும். எல்1 பாதையில் அதற்கும் கருப்புச் சதுரம்தான் கிடைக்கும். அணுகத்தக்க வடிவில் ஆக்கிக்கொள்ள 52(1)(இசட்பி) பிரிவு வழிவிட்டிருந்தும், அதைச் செய்யும் கருவி பூட்டுக்கு வெளியே நிற்கிறது. 2017 செப்டம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, இணைய உலாவிகளுக்குள் இந்தப் பூட்டுகளுக்கான இடைமுகத்தைத் தரநிலையாக ஏற்றபோதே, அணுகல் பணி செய்வோரையும் பாதுகாப்பு ஆய்வாளர்களையும் வழக்கிலிருந்து காக்கும் உறுதிமொழி ஒன்றையும் சேர்க்கச் சொல்லி வாதாடியவர்கள் இருந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் அந்தக் கூட்டமைப்பிலிருந்து விலகியது.

'செயலியிலேயே டவுன்லோட் வசதி இருக்கிறதே' என்று தளங்கள் சொல்லும். வீட்டில் பார்ப்பவருக்கு அது ஓரளவு உதவும், மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தேவையும் புரியும். 1080பி படம் 5 எம்பிபிஎஸ் வேகத்தில் வந்தால், இரண்டரை மணி நேரத்துக்கு 5.6 ஜிபி ஆகும். தரத்தைக் குறைத்து 1.5 எம்பிபிஎஸ்ஸில் பார்த்தாலும் 1.7 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவரின் ஒரு நாள் டேட்டாவுக்குள் ஒரு தமிழ்ப்படம் அடங்காது. வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆனால் இறக்கிய கோப்போடு காலாவதி தேதியுள்ள உரிமமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சில தலைப்புகள் முதலில் ப்ளே செய்த 48 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். கருவியை மாற்ற முடியாது. மூன்று நிமிடக் காட்சியைத் தனியே வெட்ட முடியாது. தளத்துக்கும் தயாரிப்பாளருக்குமான ஒப்பந்தம் முடிந்தால் கோப்பும் செத்துவிடும். ஆசிரியருக்கும் விமர்சகருக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை.

படங்கள் தளத்திலிருந்து காணாமல் போவது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2023 மார்ச் 31ஆம் தேதியோடு ஹெச்பிஓவின் தொடர்கள் டிஸ்னி+ ஹாட்ஸ்டாரிலிருந்து மொத்தமாகப் போயின. தணிக்கைச் சான்று பெற்று 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடிய 'அன்னபூரணி', அதே மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து, 2024 ஜனவரியில் புகார்களுக்குப் பிறகு நீக்கப்பட்டது. அந்தப் படம் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நாங்கள் இங்கே போகவில்லை. ஆனால் அந்த வாதத்தை எழுத வந்த விமர்சகர் எந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்று திரும்பிப் பார்க்கக்கூட வழியில்லாமல் போனது. விமர்சனத்துக்குச் சட்டம் தந்த இடம், படம் கண்முன் இருந்தால்தான் செல்லுபடியாகும்.

ஆவணக் காப்பின் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று எங்கும் பிரதியாகக் கிடைக்கவில்லை. அன்று பிலிம் என்ற பொருளாவது இருந்தது. எங்காவது ஒரு பெட்டியில் மிஞ்சியிருக்கலாம் என்று தேடவாவது முடிந்தது. நேரடியாக ஓடிடியில் வெளியாகும் படத்துக்குச் சந்தையில் பிரதியே கிடையாது. 52(1)(என்) பிரிவு, இலாப நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்கிறது. ஆனால் அந்தப் படைப்பின் மின்வடிவம் அல்லாத பிரதி ஏற்கெனவே நூலகத்திடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மின்வடிவில் மட்டுமே பிறந்த படத்துக்கு அந்த நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. எனவே ஓடிடியில் மட்டும் வெளியாகும் படம் எதையும் இந்தப் பிரிவின் கீழ் எந்த நூலகமும் காக்க முடியாது.

புத்தகத்துக்கு நாம் இப்படிச் செய்யவில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, பதிப்பாளர் ஒவ்வொரு நூலின் பிரதியையும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் தம் செலவிலேயே அனுப்ப வேண்டும். அவற்றில் ஒன்று சென்னை கன்னிமாரா. ஸ்ட்ரீமிங் படங்களுக்கும் தொடர்களுக்கும் இதே போன்ற கடமை வேண்டும் என்று கேட்கிறோம். வெளியான 90 நாளுக்குள், பூட்டில்லாத மூலக்கோப்பு ஒன்று, எல்லா மொழி ஒலித்தடங்களோடும் வசனக் கோப்புகளோடும், புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 1080பி அளவில், படத்தொகுப்பில் பயன்படும் உயர்தர வடிவமான ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ கோப்பு மணிக்கு ஏறத்தாழ 79 ஜிபி எடுக்கும். இரண்டரை மணி நேரப் படம் 200 ஜிபிக்குள் அடங்கும். 18 டிபி கொள்ளும் எல்டிஓ-9 என்ற தரவுக் காந்த நாடா ஒன்றில் 90 படங்கள் வைக்கலாம். வெவ்வேறு ஊர்களில் இரண்டு நாடாக்கள் போதும். பதிப்புரிமைக் காலமான 60 ஆண்டும் முடியும் வரை பொதுமக்களுக்குத் திறக்க வேண்டாம். ஆய்வாளர் காப்பகத்துக்கே வந்து பார்க்கட்டும்.

இனி தயாரிப்பாளர்களின் அச்சம். அது உண்மையான அச்சம். படம் வெளியான அன்றே திருட்டுத் தளத்தில் வந்துவிடுவதால் தமிழ்த் திரையுலகம் பட்ட அடி கொஞ்சமல்ல. திருட்டுப் பிரதி எடுத்து விற்பவரையும் பரப்புபவரையும் தண்டிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான சட்டங்களும் இருக்கின்றன. 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2023இன் திரைப்படச் சட்டத் திருத்தத்தில் குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 ஆண்டு, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. தமிழ்நாட்டில் 2004 முதல் வீடியோ திருடர்கள் குண்டர் சட்டத்திலும் வருகிறார்கள்.

ஆனால் பூட்டு அந்தத் திருடனைத் தடுக்கிறதா? டிவிடியின் பூட்டு 1999லேயே உடைந்தது. ஹெச்டிசிபியின் தலைமைத் திறவுகோல் 2010இல் வெளியே வந்தது, அது மெய்யானதே என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. பூட்டு உலகம் முழுக்க ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு முறை தோற்றால் போதும், பிரதி எல்லோருக்கும் கிடைத்துவிடும். அதன் பிறகு அது தடுத்துக்கொண்டிருப்பது சந்தா கட்டியவரையும் ஆசிரியரையும் திரைவாசிப்பான் வைத்திருப்பவரையும் மட்டுமே.

கசிந்த இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிடப் பயனுள்ள முறை ஏற்கெனவே தளங்களின் கையில் இருக்கிறது: மறைமுத்திரை. ஒவ்வொரு துண்டையும் கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாட்டோடு 'அ', 'ஆ' என்று இரண்டாகச் சர்வரில் வைப்பார்கள். எந்தச் சந்தாதாரருக்கு எந்த வரிசையில் துண்டுகள் போயின என்பதே அவருடைய அடையாளம். 32 துண்டுகள் இருந்தால் 400 கோடிக்கு மேற்பட்ட வரிசைகள் கிடைக்கும். 4 விநாடித் துண்டு என்றால் 128 விநாடியில் ஒரு முழு அடையாளம் முடிந்துவிடும். மறுசுருக்கத்திலும் வெட்டுதலிலும் சில துண்டுகள் சிதையும் என்பதால் அதே அடையாளத்தைப் பல முறை திரும்ப வைக்க வேண்டும். அப்போதும் முழுப் படத்தில் தாராளமாக இடமிருக்கிறது. குறைகளும் உண்டு: சேமிப்பிடம் இரட்டிப்பாகும், பல கணக்குகளின் பிரதிகளைக் கலந்து முத்திரையைக் குழப்பப் பார்ப்பார்கள். ஆனாலும் இந்த முறை குற்றம் செய்தவரை மட்டும் தேடிப் போகிறது. வீட்டுப் பதிவை அனுமதித்து, அந்தப் பதிவில் முத்திரை இருக்கட்டும் என்றால் தயாரிப்பாளருக்கும் இழப்பில்லை. கண்டறிந்த அடையாளத்தை நீதிமன்ற ஆணையோடு மட்டுமே வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மற்ற நாடுகளைப் பார்க்கும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறை, சட்ட விலக்கு உள்ளவர்களுக்கு அதைப் பயன்படுத்தும் வழியை உரிமையாளர்களே செய்து தர வேண்டும் என்று 6(4) உறுப்பில் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தத்தின் பேரில், வேண்டும்போது பார்க்கும்படி தரப்படும் படைப்புகளுக்கு அது பொருந்தாது என்று அங்கேயே ஒரு வரியும் சேர்ந்தது. ஸ்ட்ரீமிங் முழுவதும் அந்த ஒரு வரியில் வெளியே போய்விட்டது. இங்கே வரைவு எழுதும்போது அந்த வரியைக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

திருத்தம் இப்படி இருக்கலாம். 39ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம்: 'கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ சட்டப்படி இணையவழியில் பெறப்படும் காட்சி, இந்தப் பிரிவின் நோக்கத்துக்கு ஒளிபரப்பாகவே கருதப்படும்.' 52(1)(ஏ)வுக்கு இன்னொன்று: 'சந்தாதாரர் தம் வீட்டாரின் பயனுக்காக, சந்தா நடப்பில் உள்ள காலம் வரை வைத்துக்கொள்ளும் பதிவு, சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளுகை ஆகும், அதைப் பகிர்வதும் பதிவேற்றுவதும் ஆகாது.' சந்தா முடிந்த பிறகும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வாடகை அடிப்படையில் நடக்கும் தொழிலை அது குலைத்துவிடும். கற்பித்தல், விமர்சனம், அணுகத்தக்க வடிவம் ஆகியவற்றுக்கு அந்தக் கால வரம்பு கூடாது. இந்த உரிமைகளை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்றும் ஒரு வரி வேண்டும். அது இல்லாவிட்டால் தளத்தின் விதிமுறைகளில் 'ஏற்கிறேன்' அழுத்திய கணத்தில் எல்லாம் பறிபோகும். 52(1)(என்)இல் உள்ள 'மின்வடிவம் அல்லாத' என்ற நிபந்தனை நீக்கப்பட வேண்டும்.

கல்வி நிறுவனம் கேட்டால் 15 வேலைநாளுக்குள் காட்சித் துண்டைத் தருவது தளத்தின் கடமை ஆக வேண்டும். 10 நிமிடம் வரை, 1280×720 அளவு, 3 எம்பிபிஎஸ், ஹெச்.264 வீடியோ வடிவம், மறைமுத்திரையோடு. இது 225 எம்பிதான், மின்னஞ்சலில் ஒரு சுட்டி அனுப்பினால் போதும். காலக்கெடுவுக்குள் தராவிட்டால், அந்தத் துண்டை நிறுவனமே எடுத்துக்கொள்வது 65ஏயின் கீழ் குற்றமாகாது என்று தெளிவாக எழுத வேண்டும்.

கடைசியாக 65ஏ(2)(ஏ)வின் நிபந்தனை. பிறருக்குப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், அப்படிக் கேட்டுப் பெறுபவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டு வைக்க வேண்டும், யார் கேட்டால் காட்ட வேண்டும் என்பதைப் பிரிவு சொல்லவில்லை. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒவ்வொருவரின் பெயரையும் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதையும் நூலகர் எழுதி வைப்பது, 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்குக்கே எதிரானது. கல்லூரி, நூலகம், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் பெயரும் பொது நோக்கமும் போதும் என்றும், பதிவு ஓராண்டில் அழிக்கப்படும் என்றும், நீதிமன்ற ஆணை இல்லாமல் எவருக்கும் காட்டப்படாது என்றும் மாற்றித் தாருங்கள்.

வரைவு தயாராகும்போது தளங்களையும் தயாரிப்பாளர் சங்கங்களையும் அழைப்பீர்கள். அதே மேசையில் நூலகர்களுக்கும் திரைப்பட ஆசிரியர்களுக்கும் பார்வைக் குறைபாடுள்ள பயனர்களுக்கும் நாற்காலி போடுங்கள். மறைமுத்திரைச் சோதனைக்கும் காட்சித் துண்டின் தொழில்நுட்ப வரைமுறைக்கும் வேண்டிய உதவியைக் கட்டணமின்றிச் செய்து தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பம், திரைப்படக் கல்வி, ஆவணக் காப்புத் துறைகளில் பணியாற்றுவோர்